துவைக்கும் அறைக்குக் குறைந்த செலவில் மர மேடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங் மெஷினின் தலையில் துணியைக் குவித்துவைத்து, சோப்புத்தூள் டப்பாவை ஓரத்தில் நிறுத்தி, மெஷின் பிழிய ஆரம்பித்ததும் அந்த டப்பா மெல்ல மெல்ல நகர்ந்து பின்னால் விழ, கை எட்டாமல் தவித்தவர்களுக்காக எழுதியது இது. மெஷினுக்கு மேலே சுவரோடு சுவராக ஒரு பலகையைப் பொருத்திவிட்டால் துணி மடிக்க இடம் கிடைக்கும், பின்னால் எதுவும் விழாது, அறையும் சட்டென்று ஒழுங்குக்கு வந்துவிடும்.

இதுவரை மூன்று மேடைகள் செய்திருக்கிறேன். முதலாவது இரண்டே வருடத்தில் கெட்டுப்போனது. மற்ற இரண்டும் இன்றும் கெட்டியாக நிற்கின்றன. மூன்றுக்கும் மரத்துக்கான செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க விளிம்பிலும் அடிப்பக்கத்திலும் இருந்தது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும்.

எந்த வாஷிங் மெஷினுக்கும் மேலே மேடை போடலாமா?

ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குப் போடலாம். டாப் லோடுக்கு முடியாது, அதன் மூடி மேல்நோக்கித் திறக்கிறது. கீல் வைத்துத் தூக்கும்படி செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் பலகை மேலிருக்கும் எல்லாவற்றையும் இறக்கிவைக்க வேண்டும். ஒரு வாரத்தில் சலித்துப்போகும். டாப் லோடு வைத்திருப்பவர்கள் மெஷினுக்குப் பக்கத்தில் மேடை போடுங்கள். பக்கத்தில் இடமில்லையென்றால் எதிர்ச்சுவரில் மடித்துவிடும் பலகை போடுங்கள்.

பலகையை மெஷின் மேலேயே வைத்துவிட்டால் என்ன? எதற்குச் சுவரில் துளை?

அதிகம் பேர் கேட்பதும் அதிகம் பேர் தவறு செய்வதும் இதில்தான். பிழியும் நேரத்தில் மெஷினின் டிரம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, சில மெஷின்களில் 1400 வரை போகும். அந்த அதிர்வு பலகைக்கு ஏறினால் பலகை நகரும், தடதடக்கும், ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகத் தளரும். மெஷினின் மேல்தகடும் மெல்லியதுதான். அதன் மீது பலகை, பலகை மீது ஈரத்துணிக் கூடை என்று ஏற்றினால் தகடு குழிந்துவிடும்.

இன்னொன்று, மெஷின் என்றாவது பழுதாகும். அன்றைக்கு வரும் மெக்கானிக் அதை முன்னால் இழுக்க வேண்டும். மேடை தனியாகச் சுவரில் நின்றால் மெஷின் அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆகவே மெஷினின் தலைக்கும் மேடையின் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் நடுவே குறைந்தது 2 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

வாடகை வீடு, துளை போட முடியாது என்றால், இரண்டு பக்கமும் பலகையைக் காலாக நிறுத்தி, பாலம் போல மேடையைச் செய்யலாம். பின்பக்கத்தில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துவிட்டால் ஆடாது.

அளவு எடுப்பதில் எங்கே தவறு வரும்?

அளவு எடுப்பதற்கு முன்பு மெஷினை அதன் இடத்தில் வைத்து, கால்களைத் திருகி, மேலே ரசமட்டம் வைத்துச் சரிசெய்துவிடுங்கள். கால் ஏற்றி இறக்குவதில் உயரம் ஒன்றிரண்டு செ.மீ. மாறிவிடும். பட்டியலில் போட்டிருக்கும் உயரத்தை நம்பிப் பலகை வெட்டியவர்கள் பிறகு வருந்துவார்கள்.

சுவர்கள் ஒருபோதும் நேராக இருப்பதில்லை. இரண்டு சுவருக்கு நடுவே உள்ள அகலத்தைப் பின்புறம், நடு, முன்புறம் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் மூன்று அளவு காட்டும். மூலை செங்கோணமா என்று பார்க்க, மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 செ.மீ., மறு சுவரில் 80 செ.மீ. குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 100 செ.மீ. வந்தால் மூலை சரி. கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் இறுகியிருக்கிறது.

இவ்வளவு கணக்குப் போட மனமில்லையென்றால், ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, அட்டையைச் சுவரோடு ஒட்டி வைத்து, சுவர் எப்படி வளைகிறதோ அப்படியே வெட்டி அச்சு எடுங்கள். அந்த அட்டையைப் பலகை மேல் வைத்துக் கோடு போட்டால் தீர்ந்தது. நான் இப்போது அட்டை இல்லாமல் வேலை தொடங்குவதே இல்லை.

ஆழத்தைக் கணக்கிடும்போது மெஷினின் ஆழத்தை மட்டும் எடுக்காதீர்கள். பின்னால் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மடங்காமல் நிற்க 10 செ.மீ. போல வேண்டும். முன்னால் பலகை 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், சிந்தும் தண்ணீரும் மெஷின் பட்டன்கள் மேல் வழியாது. மெஷின் 60 செ.மீ. ஆழம் என்றால் பலகை 72 செ.மீ. வேண்டும்.

வாஷிங் மெஷினும் டிரையரும் பக்கத்தில் பக்கத்தில். இடம் எவ்வளவு வேண்டும்?

இரண்டும் 60 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கச் சுவரிலும் பலகையைத் தாங்கும் கட்டை 2 செ.மீ. தடிமன் எடுத்துக்கொள்ளும். கட்டைக்கும் மெஷினுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி. இரண்டு மெஷினுக்கும் நடுவே 2 செ.மீ. கூட்டினால் 2+2+60+2+60+2+2, மொத்தம் 130 செ.மீ.

உங்கள் இடம் 126 செ.மீ.தான் என்றால் மரக்கட்டைக்கு இடம் போதாது. அங்கே இரும்பு எல்-ஆங்கிள் போடுங்கள். 3 மி.மீ. தகடு என்பதால் சுவரோரத்தில் இடமே பிடிக்காது.

மேடை எவ்வளவு உயரம் இருந்தால் முதுகு வலிக்காது?

நின்றபடி துணி மடிக்க, முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால் சுகம். 85 செ.மீ. உயர மெஷினுக்கு மேல் இடைவெளியும் பலகையும் சேர்ந்து 90-ஐ ஒட்டி வரும். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவே அமையும். மெஷினைப் பீடத்தின் மேல் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு மேடை மார்பு உயரத்துக்குப் போய்விடும். அது சாமான் வைக்கத்தான் உதவும், மடிக்க உதவாது.

எந்தப் பலகை வாங்குவது? செலவு குறைய வேண்டும், ஆனால் ஊறவும் கூடாது.

18 மி.மீ. ப்ளைவுட். எனக்குப் பிடித்தது அதுதான், ஏன் என்று சொல்கிறேன்.

ப்ளைவுட்டில் மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின் ரேகைக்கு மற்றொன்றின் ரேகை குறுக்காக வரும்படி ஒட்டியிருப்பார்கள். அதனால் ஈரக் காலத்திலும் வறண்ட காலத்திலும் அது விரிவதும் சுருங்குவதும் மிகக் குறைவு. வாங்கும்போது கேட்க வேண்டியது பசையைப் பற்றி. யூரியா பசையில் ஒட்டியது வரவேற்பறை அலமாரிக்குப் போதும், ஈரம் புழங்கும் அறைக்குப் போதாது. பீனால் பசையில் ஒட்டிய, நீர்காப்புத் தரமுள்ள பலகையைக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலைத் தயங்காமல் கொடுங்கள்.

செலவு குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ப்ளைவுட் ஷீட் பொதுவாக 8 அடிக்கு 4 அடி, அதாவது 244-க்கு 122 செ.மீ. மேலே சொன்ன மேடைக்கு அதில் 130-க்கு 72 வெட்டிக்கொள்ளுங்கள். அதே 72 செ.மீ. பட்டையில் இன்னும் 114 செ.மீ. நீளம் மிச்சமிருக்கும். ஒரு பக்கம் சுவர் இல்லாதவர்களுக்கு நிற்கும் கால்பலகை அதிலேயே வந்துவிடும். ஷீட்டின் மறுபாதியில் கிட்டத்தட்ட 50 செ.மீ. அகலத்துக்கு முழு நீளத் துண்டு கிடக்கும். சுவரில் அடிக்கும் தாங்கு கட்டைகள், முன்பக்கப் பட்டை, மேலே ஒரு சின்ன அலமாரிப் பலகை எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம். ஒரே ஷீட்டில் வேலை முடியும், தனியாக ரீப்பர் சட்டம் வாங்க வேண்டாம்.

மரத்தின் ரேகை தெரிய வேண்டும், ப்ளைவுட் பிடிக்காது என்பவர்களுக்குப் பைன் அல்லது ரப்பர் மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த ஜாயிண்ட் போர்டு இருக்கிறது. அழகானது, விலையும் தாங்கக்கூடியது. ஆனால் அது முழு மரம், அசையும். 60, 70 செ.மீ. அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் குறுக்குவாட்டில் சில மி.மீ. விரிந்து சுருங்கும். ரேகை நீளவாக்கில் ஓடுவதால் அசைவு முன்னுக்கும் பின்னுக்கும்தான் இருக்கும். அதற்கு இடம் விட்டுப் பொருத்த வேண்டும், எப்படி என்று கீழே சொல்கிறேன். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூச்சி விரும்பிச் சாப்பிடும். போரான் மருந்தேற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். பைனில் கணுக்கள் இருந்தால் பிசின் கசியும். முதலில் கணுவின் மேல் மட்டும் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சைத் தடவிவிட்டுப் பிறகு மற்றப் பூச்சு.

மரநாரையும் மரத்துகளையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டும் வேண்டாம். என் முதல் மேடை எம்டிஎஃப். மேலே நான்கு கோட் வார்னிஷ் போட்டிருந்தேன், கண்ணாடி போல இருந்தது. பின்னால் குழாய்க்காக வெட்டிய பள்ளத்தில் மட்டும் எதுவும் தடவவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம். குழாய் இணைப்பில் துளித்த தண்ணீர் அந்த வெட்டு வழியாக உள்ளே போய், ஒரு நாள் கையால் தடவிப் பார்த்தபோது பலகை அங்கே ரொட்டி போல உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போனது. உப்பின எம்டிஎஃப் காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

பழைய கதவைப் பயன்படுத்தலாமா? சரக்குப் பலகை கிடைக்கிறது, அது?

கதவு அருமையான யோசனை. உள்ளே கெட்டியாக மரம் நிரப்பிய ஃப்ளஷ் கதவு 3 முதல் 4 செ.மீ. தடிமன் இருக்கும், தொய்யவே தொய்யாது. கையால் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மந்தமாகச் சத்தம் வந்தால் கெட்டியானது. முரசு போல ஒலித்தால் உள்ளே கூடு, விட்டுவிடுங்கள். வெட்டும்போது உள்மரம் தெரியும், அந்த விளிம்புக்கு மெல்லிய மரப் பட்டை ஒட்ட வேண்டும். பழைய கதவின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

சரக்கு ஏற்றும் பேலட் பலகையில் ஒரு முத்திரை இருக்கும். ‘ஹெச்.டி.’ என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடவே வேண்டாம். முத்திரையே இல்லாததையும் நான் எடுக்கமாட்டேன். எடுப்பதென்றாலும் ஆணி பிடுங்கி, இழைத்து, தடிமன் ஒன்றாக்கி, ஒட்டி முடிப்பதற்குள் பல நாள் போய்விடும். இழைக்கும் மெஷின் கைவசம் இருப்பவர்களுக்கு மட்டும் இது மலிவு.

18 மி.மீ. பலகை 130 செ.மீ. நீளத்துக்குத் தாங்குமா? நடுவில் தொய்யாதா?

பின்பக்கம் முழுக்கச் சுவரில் தாங்கு கட்டை இருப்பதால் அங்கே தொய்வு வராது. முன் விளிம்புதான் அந்தரத்தில் நிற்கிறது, அங்கே வரும். அதற்கு மிச்சத் துண்டிலிருந்து 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதை நிமிர்த்தி, முன்விளிம்பில் பசையோடு ஸ்க்ரூ போட்டு ஒட்டுங்கள். ஒரு ஸ்கேலைப் படுக்கவைத்து வளைத்தால் வளையும், நிமிர்த்தி வளைக்கப் பார்த்தால் அசையாது அல்லவா, அதே கதைதான். 18 மி.மீ. தடிமன், 50 மி.மீ. அகலம் உள்ள பட்டை, படுக்கையில் இருப்பதைவிட நிமிர்ந்து நிற்கும்போது ஏழு மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கும். பார்க்கிறவருக்கும் மேடை 5 செ.மீ. தடிப்பலகை போலத் தெரியும்.

உயரக் கணக்கை இப்போது மறுபடி போடுங்கள். மெஷின் 85, இடைவெளி 2, ஆக பட்டையின் அடிவிளிம்பு 87-ல். மேடையின் மேல்பரப்பு 92-ல். பட்டையை மறந்து பலகையை மட்டும் கணக்கிட்டுச் சுவரில் கோடு போட்டுவிட்டால், கடைசியில் மெஷின் உள்ளே நுழையாது.

பட்டைக்குப் பதில் இன்னொரு 18 மி.மீ. பலகையை அடியில் ஒட்டி 36 ஆக்கலாம். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். பிரமாதமாக இருக்கும், செலவும் எடையும் ஏறும். தேவையில்லை என்பது என் கருத்து.

ப்ளைவுட்டின் விளிம்பில் அடுக்கு அடுக்காகத் தெரிகிறதே?

சிலருக்கு அந்த அடுக்கே பிடிக்கும், தேய்த்து வார்னிஷ் அடித்து அப்படியே விடுகிறார்கள். மறைக்க வேண்டுமானால் மர பீடிங், அதாவது மெல்லிய மரப் பட்டை, ஒட்டுங்கள். இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி ஒட்டும் மெல்லிய எட்ஜ் பேண்ட் மலிவுதான், ஆனால் துணிக்கூடை உரசும் முன்விளிம்பில் அது நாளடைவில் கிளம்பும். கிளம்பிய இடத்தில் தண்ணீர் போகும். முன்பக்கத்துக்கு மரப்பட்டை, யாருக்கும் தெரியாத பக்கத்துக்கு வேண்டுமானால் எட்ஜ் பேண்ட்.

முன்விளிம்பின் கூர்முனையை உப்புத்தாளால் லேசாக உருட்டிவிடுங்கள். கூர்முனையில் வார்னிஷ் நிற்காது, மெலிந்து போய் முதலில் அங்கேதான் உரியும். மெல்லிய துணிகளும் அதில் மாட்டி நூல் இழுக்கும்.

சுவரில் எப்படித் தாங்கு கட்டை அடிப்பது?

பின்சுவரில் ரசமட்டம் வைத்து ஒரு கோடு. மேடையின் மேல்பரப்பு உயரத்திலிருந்து பலகையின் தடிமனைக் கழித்தால் வருவதுதான் அந்தக் கோட்டின் உயரம். கட்டையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். செங்கல், கான்கிரீட் சுவரில் 40 செ.மீ.க்கு ஒரு துளை, அதற்குள் பிளாஸ்டிக் பிளக், அதில் ஸ்க்ரூ. உள்ளே கூடாக இருக்கும் ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் உள்ளே நிற்கும் சட்டங்களைத் தேடி அவற்றில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும். வெறும் ஜிப்சத்தில் அடித்த கட்டை ஒரு நாள் சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும்.

துளை போடுவதற்கு முன்பு ஒரு எச்சரிக்கை. துவைக்கும் அறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் மின்வயரும் ஓடும். குழாய்க்கு நேர்மேலும் கீழும், பிளக் பாயிண்டுக்கு நேர்மேலும் கீழும் துளைக்காதீர்கள்.

முக்கோண பிராக்கெட் வேண்டாம், அதன் சாய்வுக் கால் மெஷினின் வழியில் நிற்கும். கால்பலகை வைப்பவர்கள் அதன் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ் மேல் நிற்கும்படி செய்யுங்கள். தரையில் தேங்கும் தண்ணீரைப் பலகை அடியிலிருந்தே உறிஞ்சிவிடும்.

பலகையைக் கட்டைகளோடு கீழிருந்து ஸ்க்ரூ போட்டு இணையுங்கள், மேலே தலை தெரியக் கூடாது. 18 மி.மீ. பலகையில் ஸ்க்ரூ 12 மி.மீ.க்கு மேல் ஏறாதபடி நீளம் பார்த்து எடுங்கள். பசை வேண்டாம், என்றாவது கழற்ற வேண்டியிருக்கும். முழு மரப் பலகை என்றால் முன்வரிசை ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பின்வரிசைக்குக் கட்டையில் நீள்துளை போட்டு, வாஷர் வைத்து, பலகை முன்னும் பின்னும் வழுக்கும் அளவுக்கு விடுங்கள். பின்சுவரோடு 5 மி.மீ. இடைவெளி விட்டு, அதை மறைக்கச் சுவரில் ஒரு பீடிங். நான்கு பக்கமும் இறுக்கிய முழு மரப் பலகை வறண்ட காலத்தில் ‘டப்’ என்ற சத்தத்தோடு வெடிக்கும்.

தண்ணீர் வால்வும் பிளக்கும் மேடைக்கு அடியில் மாட்டிக்கொள்ளுமே?

மாட்ட விடக் கூடாது. குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிடும்போது வால்வை உடனே மூட முடிய வேண்டும். பலகையின் பின்விளிம்பில், வால்வுக்கு நேராக, கை நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டுங்கள். அல்லது பின்பக்கத்து 10 செ.மீ. பட்டையைத் தனித்துண்டாகச் செய்து, ஸ்க்ரூ இல்லாமல் மேலே வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது தூக்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் முன்பலகையின் பின்விளிம்பைத் தாங்க அடியில் ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றுக்கும் பூச்சு போட மறக்காதீர்கள். என் எம்டிஎஃப் போன வழி அதுதான்.

வீட்டில் ரம்ப மெஷின் இல்லை. பலகையை எப்படி வெட்டுவது?

பலகை வாங்கும் கடையிலேயே நேர்வெட்டுகளைப் போட்டு வாங்கிவிடுங்கள். பெரிய ஷீட்டை வண்டியில் ஏற்றும் தொல்லையும் குறையும். ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் 3 மி.மீ. மரத்தைத் தின்னும் என்பதை அளவு எழுதும்போது கணக்கில் வையுங்கள். வீட்டில் பள்ளம் வெட்ட ஜிக்சா என்ற சின்ன ரம்பம் போதும். வெட்டும் கோட்டின் மேல் டேப் ஒட்டி, கத்தியால் ஒருமுறை கீறிவிட்டு வெட்டினால் பிசிறு வராது. கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டுவதால் பலகையின் நல்ல முகம் கீழே பார்க்க வேண்டும். கைரம்பத்துக்கு நல்ல முகம் மேலே.

என்ன பூச்சு அடிப்பது?

பாலியூரிதேன் வார்னிஷ். எண்ணெய் அடிப்படையில் வருவது மரத்துக்குத் தேன்நிறம் கொடுக்கும், நாளாக நாளாக இன்னும் மஞ்சளிக்கும். தண்ணீர் அடிப்படையில் வருவது நிறமின்றி இருக்கும், வாடையும் குறைவு. இரண்டுமே சோப்புத் தண்ணீரைத் தாங்கும்.

முதலில் 80 அல்லது 100 எண் உப்புத்தாள், பிறகு 120, கடைசியில் 180. எப்போதும் ரேகையோடு தேய்க்க வேண்டும். ப்ளைவுட்டின் மேல்தகடு காகிதம் மாதிரி மெலிசு. அதற்கு நேராக 150-ல் தொடங்குங்கள், மெஷின் வைத்து அழுத்தினால் அடித்தகடு தெரிந்துவிடும். தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, முதல் கோட். டப்பாவைக் குலுக்காதீர்கள், குச்சியால் கலக்குங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் அப்படியே பலகையில் உறைந்துவிடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 320 எண் தாளால் பட்டும் படாமலும் ஒரு தேய்ப்பு. மேல்பக்கம் மூன்று அல்லது நான்கு கோட்.

விளிம்புக்கு வருகிறேன். வெட்டிய விளிம்பில் முதல் கோட்டைத் தடவிவிட்டு ஒரு நிமிடம் அதையே பாருங்கள். பளபளவென்று இருந்தது கண்ணெதிரே மங்கி, தடவாத மரம் போல ஆகிவிடும். அவ்வளவையும் அந்த வெட்டுவாய் குடித்துவிட்டது. இரண்டாவது கோட்டிலும் அங்கங்கே மங்கும். அந்தப் பளபளப்பு காய்ந்த பிறகும் விளிம்பு முழுக்க ஒரே சீராக நிற்கும் வரை தடவிக்கொண்டே இருங்கள், ஐந்து கோட் ஆனாலும் சரி. பூச்சை இப்படிக் குடிக்கும் விளிம்பு, பூசாமல் விட்டிருந்தால் தண்ணீரையும் இப்படித்தான் குடித்திருக்கும்.

அடிப்பக்கத்துக்கும் குறைந்தது இரண்டு கோட். யாரும் பார்க்காத பக்கம் என்று விடாதீர்கள். மெஷினிலிருந்து வரும் சூடும் ஈரக்காற்றும் முட்டுவது அங்கேதான். ஒரு முகம் மூடி மறுமுகம் திறந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறி இறங்கும், பலகை வளையும். ஒரு முகத்தில் மட்டும் மைக்கா ஒட்டிய பலகைகள் வளைவதும் இதே காரணத்தால்தான்.

தொடக் காய்வது ஒரு நாளில் நடந்துவிடும், முழுதாக இறுகச் சில வாரங்கள் எடுக்கும். அதுவரை ஈரத்துணியை மேலே விட்டுவைக்க வேண்டாம். அடிக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும்.

ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதாதா? ஷெல்லாக் பாலிஷ்?

எண்ணெய் மட்டும் தேய்த்த மரம் தொடுவதற்கு இதமாக இருக்கும். ஆனால் இந்த மேடையில் துவைத்த வெள்ளைத் துணி ஈரத்தோடு கிடக்கும். சாயம் ஏற்றி எண்ணெய் மட்டும் போட்ட பலகை அந்த வெள்ளையில் பழுப்பாக இறங்கும். இறங்கினால் போகாது. ஷெல்லாக் இன்னும் ஆகாது. அது காரத்தில் கரையும், சலவைத்தூளோ காரம். மேலே பாலியூரிதேன் மூடினால் சரி, அப்போது ஷெல்லாக்கை அடிக்கோட்டாக வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காயும்போது வரும் சூடு உள்ளேயே சேர்ந்து, நெருப்பு இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே விரித்துத் தனியாகக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடிய தகர டப்பாவில் போடுங்கள்.

மேடையிலேயே இஸ்திரி போடலாமா?

நேரடியாகக் கூடாது. சூடும் நீராவியும் சேர்ந்தால் பூச்சு வெளுத்து, மேகம் படிந்த மாதிரி ஆகிவிடும். தடித்த கம்பளியை மடித்து, மேலே பருத்தி விரிப்புப் போட்டுக்கொள்ளுங்கள். டிரையர் வைத்திருப்பவர்கள் அதன் கையேட்டில் சுற்றிலும் எவ்வளவு இடம் விடச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அது நான் சொன்ன 2 செ.மீ.யைவிட அதிகமானால் அதையே பின்பற்றுங்கள்.

கை இறுக்கம். எதில் மிச்சம் பிடிக்கலாம்?

ப்ளைவுட் மேல்தகட்டின் அழகில் மிச்சம் பிடிக்கலாம். கணுவும் ஒட்டும் தெரியும் பலகை விலை குறைவு, உறுதியில் குறையில்லை. சாயமே வேண்டாம் என்று விட்டால் அதுவும் மிச்சம். கருவிகளை இரவல் வாங்கலாம். பசையின் தரத்திலும் பூச்சின் கோட் எண்ணிக்கையிலும் கை வைக்காதீர்கள். பீடிங் ஒட்டும் மரப்பசையிலும் ‘டி3’ அல்லது அதற்கு மேல் குறியிட்ட, ஈரம் தாங்கும் பசையாகப் பாருங்கள்.

சுவரும் மேடையும் சேரும் இடத்தில் ஒரு கோடு சிலிக்கான் போட்டுவிடுங்கள். ஒற்றைக் காலுறையும் சில்லறையும் பின்னால் போகாது, தண்ணீரும் போகாது. கையால் தூக்கும் பின்பட்டை வைத்தவர்களும், முழு மரப் பலகைக்குப் பின்னால் இடைவெளி விட்டவர்களும் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கச் சுவரோரம் மட்டும் போட்டால் போதும்.

தகர டப்பா வைத்த இடத்தில் கறுப்பாக வட்டம் விழுந்துவிட்டது. தேய்த்தாலும் போகவில்லை.

அது அழுக்கு இல்லை. பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரத்தோடு இரும்பு நின்றால், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுக்கும். ஓக், தேக்கு மாதிரி டானின் உள்ள மரங்களில் இது பளிச்சென்று தெரியும், ப்ளைவுட்டின் மேல்தகடு அந்த மரமாக இருந்தால் அதிலும் வரும். அந்த இடத்துப் பூச்சை மட்டும் 180 எண் தாளால் எடுத்துவிட்டு, ஆக்ஸாலிக் அமிலப் பொடியை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவுங்கள். கறுப்பு சில நிமிடங்களில் வெளிறத் தொடங்கும். அது நச்சு, கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பிறகு தண்ணீர் தொட்ட துணியால் இரண்டு மூன்று முறை நன்றாகத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் மூன்று கோட். கோட் போடுமுன் காய்ந்த இடத்தைத் தேய்த்தால் அமிலப் பொடி பறக்கும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பூச்சு எங்கே தேய்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, மாதம் ஒருமுறை மேடை மேல் அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. பரவி, மரத்தை நிறம் மாற்றினால் அந்த வாரமே ஒரு கோட் அடித்துவிடுங்கள்.